பெரியவர்களுக்கும் ஒரு பெஞ்சு

தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் ரூம் என்று தனியாக ஓர் அறை உண்டு. மற்ற வகுப்புகளில் பெஞ்சுகள் கரும்பலகையைப் பார்த்துக் கிடக்கும். அந்த அறையில் மட்டும் நடுவில் ஒரு மேஜை, சுற்றிலும் பெஞ்சு. மேஜைமேல் டீச்சர் ஒரு நாள் மண்பானையும் செங்கலும் வைப்பார், ஒரு நாள் பித்தளைச் செம்பு. அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வரைய வேண்டும். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுத முடியாத ஒரே பாடம் அது. அவளுக்குத் தெரியும் பானை வேறு, எனக்குத் தெரியும் பானை வேறு.

அரசுத் தேர்வுத்துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங்குக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. ஃப்ரீஹேண்ட் ஒரு தாள், மாடல் டிராயிங் ஒரு தாள் என்று போகும். இரண்டு நிலையும் முடித்து, டி.டி.சி. என்னும் ஆசிரியர் பயிற்சியும் படித்தால் ஓவிய ஆசிரியை வேலைக்குப் போகலாம். நான் லோயர் முடித்தேன். ஹையருக்குப் பணம் கட்ட வேண்டிய சமயத்தில் ப்ளஸ் டூ வந்துவிட்டது. வீட்டில் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. “முதல்ல பரீட்சையை முடி. படம் எங்கயும் ஓடிரப் போறதில்ல” என்றார் அப்பா. பிறகு தொலைபேசித் துறையில் வேலை, கல்யாணம், சென்னை, பிள்ளைகள். ஜியாமெட்ரி பாக்ஸும் 4பி பென்சிலும் தென்காசிப் பக்கம் மேலாகரத்து வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பழைய ஆசை தலையெடுத்தது. இவ்வளவு பெரிய ஊரில் ஓவியம் சொல்லித்தரவா ஆள் கிடைக்காது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஆள் இருந்தார்கள். ஆனால் படியேறிய இடத்திலெல்லாம் முதலில் கேட்டது, “பிள்ளைக்கு என்ன வயசு மேடம்?” என்றுதான். எனக்காகத்தான் கேட்கிறேன் என்றால், “பெரியவங்களுக்கு பேட்ச் இல்லையே” என்று இழுப்பார்கள். சனி, ஞாயிறு வகுப்புகள் எல்லாமே ஆறு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு. அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் கட்டணம் குறைவு, நல்ல ஆசிரியர்கள். ஆனால் பெயரே சொல்வதுபோல் அது 5 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது.

இன்னொரு பக்கம் எழும்பூரை ஒட்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. 1929 முதல் 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையில் இருந்தது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அந்தச் சிவப்புக் கட்டடத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பேன். ஆனால் அது ப்ளஸ் டூ முடித்த இளைஞர்கள் முழுநேரமும் படிக்கும் பட்டப்படிப்பு. எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு அது ஒத்துவராது. பிள்ளைகளுக்கு ஒரு வாசல், தொழிலாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வாசல். நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வாசல் தெரியவில்லை.

பெண்களுக்கென்று நடந்த மத்தியான வகுப்புகளுக்கும் போனேன். துணியில் பெயிண்டிங், கண்ணாடியில் பெயிண்டிங், தஞ்சாவூர் ஓவியம். அங்கே சொல்லித்தந்தவர்கள் பொறுமைசாலிகள், கூடப் படித்தவர்களும் அன்பானவர்கள். தஞ்சாவூர் ஓவிய வகுப்பில் பலகையில் துணி ஒட்டி, சாக்பவுடர் பூசித் தேய்த்து, டிரேஸ் எடுத்த கிருஷ்ணனைத் தயாராகத் தந்துவிடுவார்கள். கல் பதித்து, மேடு கட்டி, தங்க ரேக்கு ஒட்டி, வர்ணம் தீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு படம் கிடைக்கும். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் இருக்கிறது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிருஷ்ணனின் கன்னக் கோட்டைப் போட்டது என் கை இல்லை. எனக்குப் பானையைச் சுற்றி உட்கார வேண்டியிருந்தது.

ஒருவழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் கை கொடுத்தது. முதலில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் 1966-இல் கடற்கரை மணலில் இடம் வாங்கி உருவாக்கிய கலைஞர் கிராமம். ஓவியம் விற்றுச் சோறு சாப்பிட முடியாத காலத்தில் அவர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்து, மிச்ச நேரத்தில் படம் எழுதியவர்கள். அந்த வரலாறு எனக்குப் பெரிய தைரியம் தந்தது. நாட்டின் பேர்பெற்ற ஓவியர்களே பொழுதைப் பங்குபோட்டு, ஒரு பங்கைப் பிழைப்புக்கும் ஒரு பங்கைக் கலைக்கும் வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் போக மிஞ்சும் நேரத்தில் நான் பென்சில் பிடிப்பதில் என்ன குறை?

அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்தது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் உண்டு, எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து அக்ரகார வீடும் உண்டு. அங்கே ஒரு குயவர் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் தள்ளி நின்றதைப் பார்த்து, “வாங்கம்மா, நீங்களும் உக்காருங்க” என்றார். அவர் வயதைக் கேட்கவில்லை.

களிமண்ணைச் சக்கரத்தில் வைத்ததும் முதல் வேலை அதை நடுவுக்குக் கொண்டுவருவது. நடு சேராத மண் கையை உதறித் தள்ளும். முழங்கையைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொள்ளச் சொன்னார். தன் உள்ளங்கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். சட்டென்று அதிர்வு நின்றது. சக்கரம் சுற்றுகிறது, மண்ணும் சுற்றுகிறது, ஆனால் கைக்குள் எதுவும் அசையாததுபோல் இருந்தது. “இதான் நடு. இது வந்தா பானை வந்த மாதிரி” என்றார். பிறகு கட்டைவிரலை இறக்கி வாயைத் திறந்து, கடைசியில் நூலால் அடியை அறுத்து எடுத்துக் கொடுத்தார். எந்தப் புத்தகமும் எனக்கு அந்த ‘நடு’வைச் சொல்லித் தந்திருக்க முடியாது. தெரிந்த கை ஒன்று தெரியாத கையின்மேல் அமர்ந்தால்தான் அது வரும். பெரியவர்களுக்கான வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று. அதன் பிறகு அங்கே நடக்கும் பயிலரங்குகளுக்கு விடுமுறை பார்த்துப் போய்வந்தேன். வீட்டுக்குத் திரும்ப இரவாகிவிடும். மறுநாள் வேலை இருக்கும். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க மனசு லேசாக இருக்கும்.

2020 ஜனவரி 31-ஆம் தேதி, பி.எஸ்.என்.எல்.லில் நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். பொதிகை எக்ஸ்பிரஸில் சாமான்களோடு ஊர் வந்து சேர்ந்தேன். பரணில் ஏறிப் பார்த்தால் பென்சில் இருந்தது, பெட்டி துருப்பிடித்திருந்தது. பட்டணத்தில் கிடைத்ததே அபூர்வம், இங்கே யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் பேசினார்கள்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு குற்றாலம் போகிற வழியில், ஒரு கடைச் சுவரில் பெரியவர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் வந்து இவர்கள் தொழிலை விழுங்கிப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் சுவரில் எழுதினால்தான் நிற்கும் என்று நினைக்கும் கடைக்காரர்கள் இங்கே இன்னும் சிலர் உண்டு. அருவிச் சீசனுக்குக் கேரளத்திலிருந்து கூட்டம் வரும் ஊர் என்பதால் தமிழுக்குக் கீழே மலையாளத்திலும் எழுத வேண்டும். அவர் இரண்டையும் எழுதினார். செங்கோட்டைப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பூமிதானே, அந்த எழுத்து இங்கே யாருக்கும் அந்நியம் இல்லை. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரே திரும்பி, “என்னம்மா, ரொம்ப நேரமா நிக்கிய. ஏதும் எழுதணுமா?” என்றார். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “இத இப்ப யாரு கேக்கா” என்றவர், மறுநாள் காலை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அந்தப் பெரியவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவர் வீட்டின் பின்கட்டுச் சுவர்தான் எங்கள் பலகை. முதல் பாடம் நூல். காவிப் பொடியில் முக்கிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், எவ்வளவு நீளச் சுவரிலும் நேர்கோடு விழும். அடுத்து கட்டம். சிறிய படத்தைக் கட்டம் போட்டு, சுவரில் அதே கணக்கில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவது. பிறகு பொடி மூட்டை. தாளில் வரைந்த கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, தாளைச் சுவரில் வைத்து, துணியில் கட்டிய கரிப்பொடியால் ஒற்றினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கிவிடும். பெரிய பெரிய கோயில் சுவர்களில் படம் எழுதிய காலத்திலிருந்து உலகம் முழுக்க இந்த முறைகள் வழங்கிவந்திருக்கின்றன. எங்களூர் அண்ணாச்சி அவற்றை எண்ணெய்க் கடை போர்டுக்குச் செய்துகொண்டிருந்தார்.

பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டதுதான் உச்சம். இடது கையில் ஒரு குச்சி. அதன் நுனியில் துணிப்பந்து. அந்தப் பந்தைச் சுவரில் ஊன்றி, குச்சியின்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டால் கை நடுங்காது. ‘அ’ எழுதச் சொன்னார். நான் பிரஷ் முனையையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். “தங்கச்சி, பிரஷப் பாக்காதிய. கோடு எங்க போய் நிக்கணுமோ அந்த எடத்தப் பாருங்க. கை தானா அங்க போவும்” என்றார். அப்படியே பார்த்தேன். கோடு போனது. வளைவு திரும்பும்போது மூச்சை அடக்கிக்கொள், முடிந்ததும் விடு என்பதும் அவர் சொன்னதுதான். டிராயிங் டீச்சர் கண்ணுக்குச் சொல்லித்தந்தார், குயவர் முழங்கைக்குச் சொல்லித்தந்தார், இவர் மூச்சுக்குச் சொல்லித்தந்தார்.

இந்த ஊரின் காற்றும் ஒரு பாடம். ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் எனாமல் பெயிண்ட் காயாது, காய்ந்தாலும் பளபளப்புப் போய் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் குற்றாலத்துச் சுவர் வேலையெல்லாம் சித்திரை, வைகாசியிலேயே முடிந்துவிடும். சாரல் மாதங்களில் நாங்கள் வாட்டர் கலருக்கு மாறினோம். சென்னையில் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும் தாள், பேரருவிக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் ஈரமாகவே இருக்கும். நீலத்தின்மேல் சாம்பலை விட்டால் அது தானே பரவி மலைமேல் இறங்கும் மேகம் ஆகிவிடும்.

குற்றாலத்தில் படம் கற்கிறவர்கள் போக வேண்டிய இடம் சித்திர சபை. நடராசருக்கு உரிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன்னுக்கு, மதுரை வெள்ளிக்கு, திருநெல்வேலி செம்புக்கு, திருவாலங்காடு ரத்தினத்துக்கு, எங்கள் குற்றாலம் ஓவியத்துக்கு. குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தெப்பக்குளத்தை ஒட்டி, கேரளச் சாயலில், செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு நிற்கிறது. உள்ளே கும்பிடும் மூர்த்தமே சுவரோவியம்தான். சுற்றிலும் புராணக் காட்சிகள். அருவிக்குப் போகிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

அண்ணாச்சியும் நானும் அங்கே பேசாமல் உட்கார்ந்திருப்போம். அவர் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார். தூக்கிய திருவடியின் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரே வளைவு, எங்கும் நின்று தொடங்கின அடையாளம் இல்லை. கண்ணின் கோடு மூக்குப் பக்கம் தடித்து, காதுப் பக்கம் மயிரிழையாக மெலிகிறது. கேரளப் பாணிச் சுவரோவியத்தில் காவி மஞ்சள், காவிச் சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஐந்தே நிறம். கல்லை அரைத்தும், இலைச்சாறு எடுத்தும், விளக்குக் கரி பிடித்தும் சேர்த்தவை. வெளிர் நிறத்தில் தொடங்கி, கடைசியாகக் கறுப்புக் கோட்டில் முடிப்பார்கள். “கடேசில போடுத கறுப்புக் கோட்டுலதான் அவன் யாருன்னு தெரியும்” என்பார் அண்ணாச்சி.

இந்தப் பாணியே அழியப் பார்த்ததும் உண்டு. 1970-இல் கேரளத்தின் குருவாயூர் கோயிலில் தீப்பிடித்துச் சுவரோவியங்கள் பாழாயின. அவற்றை மறுபடி எழுத ஆள் தேடினால், தெரிந்த மூத்த கலைஞர்கள் ஒரு சிலரே இருந்தார்கள். அந்தக் கலை அவர்களோடு போய்விடக் கூடாது என்று 1989-இல் கோயில் தேவஸ்வமே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் அதற்குத் தலைமை ஏற்றார். இன்று கேரளச் சுவரோவியம் வீட்டுச் சுவர்களிலும் சேலைகளிலும்கூட வந்துவிட்டது. தெரிந்தவர் இருக்கும்போதே கதவைத் திறந்ததால் வந்த பலன்.

தெரிந்தவரோடு கூட இருந்து கற்பது தென் தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரிடம் பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. கூட இருந்து வர்ணம் குழைத்தவர்கள்தான் மாணவர்கள். சிவகாசியில் அச்சான அவர்கள் படங்கள் காலண்டராகத் தமிழ்நாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் தொங்கின. குற்றாலத்திலேயே ரசிகமணி டி.கே.சி. இருந்தார். வக்கீலும் நீதிபதியும் பத்திரிகையாளரும் அவருடைய வட்டத்தொட்டி இலக்கியக் கூட்டத்தில் உட்கார்ந்து கவிதையைச் சுவைக்கக் கற்றுக்கொண்டார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், குடும்பஸ்தர்கள். எந்தப் பரீட்சையும் அவர்களுக்குக் காத்திருக்கவில்லை. டென்மார்க்கிலும் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணத்தில் பிறந்த முதல் மக்கள் பள்ளி 1844-இல் திறந்தது. பரீட்சை இல்லாமல், பெரியவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. அந்த நாட்டில் அவை இன்றும் நடக்கின்றன. வட்டத்தொட்டியை நினைக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும்.

பெரியவர்களுக்கென்று நாங்கள் தொடங்கிய வகுப்பு சின்னது. ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி வருகிறார். பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவரும் வருகிறார். 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அப்படி வந்தவர்களில் ஒருவர் அவர். நடுவில் மேஜை, மேஜைமேல் பானை, சுற்றிப் பெரியவர்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், ஆட்டோ ஓட்டும் தம்பி, மருமகளோடு சேர்ந்து வரும் ஓர் ஆச்சி.

அவர்களில் பீடி சுற்றும் ஒரு மதினியும் உண்டு. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. முதல் நாள் பென்சிலைத் தொடவே கூச்சப்பட்டார். ஆனால் அவர் போட்ட முதல் கோட்டைப் பார்த்து அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார். அளவுத் தகடு வைத்து இலையை வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றிச் சுற்றிப் பழகிய விரல்கள் அவை. அழுத்தம் கூடாமல் குறையாமல் ஒரே சீராகக் கோடு வந்தது. “எத்தனை வருஷமா வரையுதிய?” என்று அண்ணாச்சி கேட்டார். மதினி சிரித்துவிட்டு, “இன்னைக்குத்தான்” என்றார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப்பட்ட விரல்கள் ஆயிரக்கணக்கில் முறத்தின்மேல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைத்தால் என்னென்ன வரும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

சீசன் முடிந்தால் குற்றாலத்து லாட்ஜுகளும் சத்திரங்களும் பெரும்பாலும் காலி. மாசி, பங்குனியில் வெளியூர்க்காரர்கள் ஒரு வாரம் தங்கி, காலையில் மண்ணும் மத்தியானம் கோடுமாகக் கற்றுப்போக ஏற்ற இடம் இது. பட்டணத்தில் வாசல் தேடி அலைகிறவர்களை இங்கே அழைத்துவரலாம். சித்திர சபை ஐந்து நிமிஷ நடையில் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்குவதாக இருந்தால், முதலில் சுவர் எழுதும் ஆளைத் தேடுங்கள். கோயில் வேலை செய்யும் ஸ்தபதியை, சக்கரம் சுற்றும் குயவரை, ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரைத் தேடுங்கள். ஏதாவது ஒரு தெருவில் அவர்களில் ஒருவராவது இருப்பார். சேவை என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடாதீர்கள். ஒரு நாள் வேலைக்கு அவர் வாங்கும் கூலியை எல்லோரும் பங்குபோட்டு, வகுப்பு முடிந்ததும் கையில் கொடுங்கள். கற்றுக்கொடுப்பதும் அவருடைய தொழிலாக ஆகிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வருவார், வகுப்பும் நிற்காமல் நடக்கும்.